பல்லுள்ள வார்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், ஊர்காவற்றுறையிலிருந்து வேலணை வரைக்கும் சில்வெஸ்ரருக்குத் தெரியாத எஞ்சின் கிடையாது என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைத் தொடக்கி வைத்தவர் சில்வெஸ்ரர்தான். ஆனால் அதைப் பொய்யென்று சொல்ல இருபது வருடமாக ஒருவருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. வள்ளத்து எஞ்சின், தண்ணீர் இறைக்கிற மெசின், உழவு மெசின், கலியாணங்களுக்கு ஓடுகிற பழைய ஏ நாற்பது கார், எது வந்து நின்றாலும் காதைக் கிட்டக் கொண்டுபோவார். தலையை ஒருதரம் ஆட்டுவார். "தெரிஞ்ச வருத்தம்தான்" என்று வைத்தியர் மாதிரிச் சொல்லிவிட்டு ஸ்பானரைத் தேடுவார். இறங்குதுறைக்குப் போகிற வழியில், ஒரு பூவரச மரத்துக்குக் கீழே இருந்த தகரக் கொட்டில்தான் அவருடைய கராச். அங்கே இழுத்துக்கொண்டு வந்த எதுவும் தானாக ஓடாமல் திரும்பிப் போனதில்லை.

எண்பத்து நான்காம் ஆண்டு ஆனி மாதம், ஒரு புதன்கிழமை காலையில் பரிமளம் ரீச்சர் சைக்கிளில் வந்து இறங்கியபோது சில்வெஸ்ரர் ஒரு வள்ளத்து எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். சைக்கிளைக் கண்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது. ரீச்சர் காரில்தான் வருவார். அதுவும் எப்படிப்பட்ட கார்!

பரிமளம் ரீச்சர் சரவணைக்காரி. நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார், தனிக்கட்டை. கொழும்பில் பதினைந்து வருடம் கணிதம் படிப்பித்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, உடுத்த சீலையோடு கப்பலேறி ஊருக்கு வந்து, ஊர்காவற்றுறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை எடுத்திருந்தார். கார் அவருக்குப் பின்னால் வந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களவர் ஒருவர் அதைத் தன் கராச்சில் சாக்குப் போர்த்து மறைத்து வைத்திருந்து, தை பிறந்ததும் தானே யாழ்ப்பாணம் வரை ஓட்டி வந்து திறப்பைக் கையில் கொடுத்துவிட்டு, ரயிலில் திரும்பிப் போனார். உண்மையில் அது ரீச்சருடைய அண்ணனின் கார். நாட்டை விட்டுப் போன ஓர் இத்தாலிக்காரரிடம் வாங்கியது. அண்ணன் இப்போது ஏதோ ஒரு கப்பலில், எந்தக் கடலில் என்று யாருக்கும் தெரியாது. கார் மட்டும் தங்கைக்கென்று நின்றுவிட்டது.

பதினைந்து வருடப் பழசு. மஞ்சள் நிறம். இரண்டே கதவு. முன்னுக்கு இரண்டு பேர் இருக்கலாம், பின்னுக்கு இருப்பவர் முழங்காலை நாடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு இருக்கவேண்டும். நிலத்தோடு பதிந்து அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நண்டுக்கார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். போட்டிகளில் ஓட்டுகிற இனம் அது என்று அண்ணன் சொல்லியிருந்தாராம். தீவகத்து றோட்டுகளில் அதற்குப் போட்டிக்கு வந்தது காரைநகர் வள்ளத்தைப் பிடிக்க ஓடுகிற பஸ் மட்டும்தான்.

"சில்வெஸ்ரர் அண்ணை, கார் நிண்டு போச்சுது."

"எவடத்திலை, ரீச்சர்?"

"சரவணைச் சந்தி தாண்டின உடனை. ஒரு சத்தமும் இல்லை. டக்கெண்டு ஒண்டு கேட்டது, அவ்வளவுதான். பிறகு சும்மா உருண்டு போய் நிண்டது."

சில்வெஸ்ரர் பிளேன்ரீயை முடித்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடவே போனார். மஞ்சள் கார் பனைகளுக்கு நடுவே, சோளகக் காற்று அடித்த மண்ணை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றது. திறப்பைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, ஆனால் சுற்றிய விதம் பிழை. வாளி அறுந்த துலாக்கயிறு மாதிரி, பாரமில்லாமல், கையோடு வந்தது. அப்படியொரு சுற்றை அவர் முன்னே பின்னே கேட்டதில்லை.

"என்ன வருத்தம் அண்ணை?"

அவர் தலையை ஆட்டினார். "தெரிஞ்சதுதான். கராச்சுக்குக் கொண்டு போவம்."

புகையிலைச் சிப்பம் இறக்கிவிட்டுத் திரும்பிய உழவு மெசின் ஒன்று கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பின்னேரம் ரீச்சர் வீட்டுக்குப் போன பிறகு, சில்வெஸ்ரர் எஞ்சினின் முன்பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே செயின் இருக்கும், எண்ணெயில் ஊறி, அவருக்குத் தெரிந்த எல்லாக் கார்களிலும் இருக்கிறமாதிரி. அறுந்திருந்தால் கோத்துக் கட்டலாம்.

செயின் இல்லை. விரல் இரண்டு அகலத்தில் ஒரு கறுப்பு இறப்பர் வார், அறுந்து பாம்புச் செட்டை மாதிரித் தொங்கியது. எடுத்து விரித்தார். ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் பல்லு. கீழேயிருக்கும் சில்லு சுற்றினால் மேலேயுள்ள இரண்டு சில்லையும் இந்த வார்தான் சுற்றவேண்டும். மேற்சில்லுகள்தான் வால்வுகளைத் திறந்து மூடுகிறவை. அவ்வளவும் ஒரு துண்டு இறப்பரை நம்பி நடந்திருக்கிறது, பதினைந்து வருடம்.

அப்போதுதான் அவருக்கு மாசி மாதம் நினைவுக்கு வந்தது. எண்ணெய் மாற்ற வந்த ரீச்சர் கேட்டார்: "எஞ்சினுக்குள்ளை ஏதாவது வார், செயின் எண்டு மாத்த வேண்டியது கிடக்கோ அண்ணை? அண்ணன்ரை புத்தகத்திலை என்னவோ போட்டுக் கிடக்கு." அவர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சிரித்துவிட்டுச் சொன்னார்: "செயின் அறாது ரீச்சர். அது எஞ்சினோடை பிறந்து எஞ்சினோடை சாகும்."

சில்வெஸ்ரர் வாரை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். மூடியைத் திரும்பப் போட்டு நான்கு ஆணியையும் இறுக்கினார். பிறகு பூவரசின் கீழே போய் நின்றார்.

வியாழக்கிழமை ரீச்சர் வந்து கேட்டபோது, "பெரிய வேலை, ரீச்சர். உந்த எஞ்சினைக் கழட்டிப்போட்டு வேறை ஒண்டு போடுறதுதான் நல்லது" என்றார். அது அவர் வாயிலிருந்து வந்த சொல்தான், ஆனால் அவருக்கே பிடிக்கவில்லை. ரீச்சர் காரின் மஞ்சள் முதுகை ஒருதரம் தடவிவிட்டு, "யோசிப்பம்" என்று சொல்லிப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சில்வெஸ்ரரின் மனைவி இராசாத்தி சோற்றைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன்குழம்பு அப்படியே கிடந்தது.

"இஞ்சாருங்கோ, குழம்பிலை உப்பில்லையோ?"

"கிடக்கு."

"அப்ப உங்களுக்குத்தான் என்னவோ இல்லை."

அவர் பைக்குள் கையை விட்டு வாரை எடுத்து வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்தார். மாசி மாதக் கதையைச் சொன்னார். இராசாத்தி வாரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல்லுகளைத் தடவினாள்.

"இவ்வளவுதானோ? இதுக்கோ மூண்டு நாளாச் சோறு இறங்கேல்லை?"

"உனக்கென்ன தெரியும். எனக்குத் தெரியாத எஞ்சின் எண்டு ஒண்டு வந்திட்டுது. அது ஒண்டு. தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லி அந்த மனுசியின்ரை காரைப் பழுதாக்கினது மற்றது."

"முதலாவதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது. இரண்டாவதைப் போய்ச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ, சூடாக்கித் தாறன்."

சில்வெஸ்ரர் கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். ஊர்காவற்றுறையிலிருந்து சரவணைக்கு எதிர்க்காற்று. மிதிக்க மிதிக்கச் சொல்லவேண்டிய வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் அது நீண்டுகொண்டே போனது.

ரீச்சர் வீட்டு விறாந்தையில் இன்னொரு சைக்கிள் சாத்திக் கிடந்தது. உள்ளே கதிரையில் யாக்கோப்புச் சுவாமி இருந்தார். அவர் சில்வெஸ்ரருடைய கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சுவாமி. அறுபது வயது, ஒல்லி, அங்கியின் ஓரம் எப்போதும் சைக்கிள் செயினில் பட்டுக் கறுத்திருக்கும். இளமையில் உரோமாபுரியில் ஆறு வருடம் படித்தவர். அவர் மடியில் தடித்த புத்தகமொன்று விரித்துக் கிடந்தது. ரீச்சரின் முகமும் சுவாமியின் முகமும், களவெடுத்துப் பிடிபட்ட பிள்ளைகளின் முகம்போல் இருந்தன.

"ரீச்சர், நான் ஒரு விசயம் சொல்ல வந்தனான்" என்றார் சில்வெஸ்ரர்.

"நானும் உங்களிட்டை வரத்தான் இருந்தனான் அண்ணை. முதல் நான் சொல்லுறன்."

"இல்லை, ரீச்சர், நான் சொல்லிப்போடுறன். பிறகு எனக்கு வாய் வராது." பையிலிருந்து வாரை எடுத்து மேசையில் வைத்தார். "உள்ளுக்கை செயின் இல்லை. இதுதான் கிடந்தது. மாசியிலை நீங்கள் கேக்கேக்கை நான் மூடியைத் திறந்து பாத்திருந்தால், இது வெடிச்சுக் கிடந்தது கண்ணிலை பட்டிருக்கும். நான் பாக்கேல்லை. இப்பிடியொரு எஞ்சினை நான் வாழ்நாளிலை கண்டதும் இல்லை. என்ரை பிழை."

ரீச்சர் வாரைப் பார்த்தார். சுவாமி வாரைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"பல்லு!" என்றார் சுவாமி. "மெய்யாவே பல்லுத்தான்!"

சில்வெஸ்ரருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அண்ணை, இருங்கோ" என்று ரீச்சர் கதிரையை இழுத்துப் போட்டார். "இது இத்தாலிப் புத்தகம். கார் வித்தவர் அண்ணனுக்குக் குடுத்தது. எத்தினை மைலுக்கு என்ன மாத்த வேணும் எண்டு ஒரு அட்டவணை இதிலை கிடக்கு. எண்கள் எனக்கு விளங்கும், சொல்லு விளங்காது. மாசியிலை சுவாமியிட்டைக் கொண்டுபோய்க் காட்டினனான்."

"நான் பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டனான்" என்றார் சுவாமி. "கண்ணாடியும் கையிலை இல்லை. 'சிங்கியா' எண்டு கிடந்தது. அது வார். பக்கத்திலை 'பல்லுள்ள' எண்டு கிடந்தது. வாருக்கு எங்கை பல்லு, அச்சுப் பிழையாக்கும் எண்டு விட்டிட்டன். வாரை மாத்தட்டாம் பிள்ளை எண்டு சொல்லி அனுப்பினனான்."

"நான் உங்களிட்டையும் கேட்டன். உள்ளுக்கை மாத்த ஒண்டும் இல்லை எண்டமாதிரிச் சொன்னியள். அப்ப காரிலை வேறை என்ன வார் கிடக்கு?" ரீச்சர் முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். மூடியபடியே சொன்னார்: "வேலணையிலை தையற்காரர் இராசநாயகத்திட்டைக் குடுத்து, இருக்கையிலை கட்டுற இரண்டு வாரையும் புதுசா மாத்திப்போட்டன். வள்ளத்துப் பாய்த்துணியிலை, மூண்டு மடிப்புத் தையல் போட்டு."

முதலில் சிரித்தவர் சுவாமிதான். கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ரீச்சர். சில்வெஸ்ரர் தான் சிரிக்கலாமோ என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு அவரையும் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் சேர்ந்து கிடந்த பாரம் வயிற்றிலிருந்து குலுங்கிக் குலுங்கி வெளியே வந்தது.

"ஆறு வருசம் அந்த நாட்டிலை இருந்தனான்" என்றார் சுவாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவங்கடை பாசையிலை பாவத்துக்கு முப்பது சொல்லுத் தெரியும். எஞ்சினுக்கு ஒரு சொல்லும் தெரியாது."

"இனிப் படிக்கலாந்தானே சுவாமி" என்றார் சில்வெஸ்ரர். அவர் வாயிலிருந்து அது தன்பாட்டில் வந்தது. "நானும் படிக்க வேணும்."

அடுத்த நாளே வேலை தொடங்கியது. வார் அறுந்த நேரத்தில் வால்வுகள் திறந்தபடி நின்றிருந்தால், மேலே வருகிற பிஸ்டன் அவற்றை முட்டி வளைத்திருக்கும் என்று புத்தகம் சொன்னதைச் சுவாமி ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தார். சில்வெஸ்ரர் பிஸ்டன்களை நடுவழியில் நிறுத்தி, மேல்தண்டைக் கையால் திருப்பி வால்வுகளை மூடவைத்து, பிளக் ஓட்டைக்குள் சைக்கிள் பம்பால் காற்றடித்தார். முதலாவது சிலிண்டர் காற்றைப் பிடித்தது. இரண்டாவதில், புகை போகிற குழாய்ப் பக்கம் உஸ்ஸென்று சத்தம். மூன்றாவதிலும் அப்படியே. நாலாவது நல்லது. எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றிப் பார்த்தபோது அந்த இரண்டு சிலிண்டரிலும் வால்வு ஒவ்வொன்று கழுத்துச் சாய்ந்து நின்றது.

யாழ்ப்பாணத்தில் விசாரித்தார்கள். கொழும்புக்கும் எழுதிக் கேட்டார்கள். அந்தக் காருக்குச் சாமான் இல்லை என்றுதான் எல்லா இடத்திலிருந்தும் பதில். அப்போது சுவாமிக்கு ஒரு யோசனை வந்தது. உரோமாபுரியில் தன்னோடு ஒரே அறையில் இருந்த ஆல்தோ என்றொருவர் இப்போது இத்தாலியில் தூரின் நகரத்தில் பங்குச் சுவாமி. கார் செய்கிற ஊர் அது. அவருடைய கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கார்த் தொழிற்சாலை ஆட்கள். "இருபது வருசமா நத்தார்ப் பெருநாளுக்கு மட்டும் வாழ்த்துக் காட் போடுறவன். இப்ப ஒரு உதவி கேப்பம்" என்று சுவாமி நீலக் கடிதத்தாளை எடுத்தார்.

அந்தக் கடிதம் கராச்சில், வள்ளத்து எஞ்சின் மூடிமேல் வைத்து எழுதப்பட்டது. எஞ்சின் இலக்கத்தை ரீச்சர் இரண்டு தரம் சரிபார்த்தார். வளைந்த வால்வு என்று எழுதச் சுவாமிக்குச் சரியான சொல் வரவில்லை. தலைகுனிந்த வால்வு என்று எழுதினார்.

பதில் வர ஏழு கிழமை எடுத்தது. யாழ்ப்பாணப் பக்கத்துச் செய்திகள் அந்த நாட்களில் நல்லவையாக இல்லை. தபால் வருகிற நாளும் இருந்தது, வராத நாளும் இருந்தது. ரீச்சர் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனார். பள்ளி விட்டதும் நேரே கராச்சுக்கு வந்து, பஸ் வரும்வரை புத்தகத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கிழமையில் இரண்டு நாள் சுவாமி வருவார், சட்டைப்பையில் அகராதியோடு. அவர் வாசிக்க, ரீச்சர் கொப்பியில் தமிழில் எழுத, சில்வெஸ்ரர் எஞ்சினுக்குள் கையை வைத்து அந்தச் சொல்லுக்குரிய சாமானைத் தொட்டுக் காட்டுவார். சில நாளில் சுவாமி திருப்பித் திருப்பி வாசித்தும் வசனம் பிடிபடாது. அப்போது சில்வெஸ்ரர் சாமானைப் பார்த்து, அது என்ன செய்யும் என்று சொல்லுவார். சுவாமி உடனே வசனத்தைப் பிடித்துவிடுவார். இப்படி இரண்டு பக்கத்தாலும் வந்துதான் அந்தப் புத்தகம் தமிழானது. சில்வெஸ்ரருக்கு அந்த மாலைகள் பிடித்திருந்தன. பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு அறிகிற சுகத்தை அவர் மறந்தே போயிருந்தார்.

ஆவணி நடுவில் பார்சல் வந்தது. வழியில் யாரோ வெட்டித் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உள்ளே எல்லாம் பத்திரமாக இருந்தன. வால்வு இரண்டு, தலைப்பகுதிக்கு வைக்கிற புதுத் தகடு, வார் ஒன்றுக்கு இரண்டு, செபமாலை ஒன்று. கோயிலுக்கு வரும் ஒரு மெக்கானிக் பென்சிலால் கீறிக் கொடுத்த படமும் இருந்தது. ஆல்தோ சுவாமியின் கடிதத்தை யாக்கோப்புச் சுவாமி நின்றபடியே வாசித்தார். "உங்கள் ஊர் வால்வுகளுக்குத் தாழ்ச்சி அதிகம் போலிருக்கிறது, எங்கள் ஊரில் மனிதருக்கே அது இல்லை, என்று எழுதியிருக்கிறான்" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை மடித்து அகராதிக்குள் வைத்தார்.

சனிக்கிழமை காலை மூவரும் கூடினார்கள். வால்வுகளைச் சில்வெஸ்ரர் முதல் நாளே அரைத்துப் பொருத்தி, தலைப்பகுதியை இறுக்கி வைத்திருந்தார். மிச்சம் வார் மட்டும்தான். கீழ்ச்சில்லில் ஒரு குறி, மேற்சில்லுகள் இரண்டிலும் ஒவ்வொரு குறி. மூன்றும் தத்தம் இடத்தில் நிற்கும்போது வாரைப் போடவேண்டும். ஒரு பல்லுத் தவறினாலும் பழைய கதைதான்.

"கீழ்ச்சில்லு இரண்டு சுத்துச் சுத்த, மேற்சில்லு ஒரு சுத்து" என்றார் ரீச்சர். "வாரைப் போட்ட பிறகு எஞ்சினைக் கையாலை இரண்டு தரம் முழுசாச் சுத்திப் பாப்பம். மூண்டு குறியும் திரும்பப் பழைய இடத்துக்கு வந்தால் கணக்குச் சரி."

"பின்பக்கமாச் சுத்தக் கூடாது. படத்திலை மூண்டு கோடு கீறி எழுதியிருக்கு" என்றார் சுவாமி.

சில்வெஸ்ரர் சொன்னபடி செய்தார். கையால் சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஒன்றும் முட்டவில்லை. குறிகள் மூன்றும் வந்து நின்றன. வாரை இழுத்துப் பிடிக்கிற சில்லை இறுக்கினார். இராசாத்தி பனங்காய்ப் பணியாரத்தோடு வந்து வாசலில் நின்றாள். ரீச்சர் உள்ளே ஏறித் திறப்பைத் திருப்பினார்.

எஞ்சின் இருமியது. ஒருதரம் படீரென்று வெடித்து, மூக்கால் கறுப்புப் புகை விட்டது. நின்றுவிட்டது. மறுபடி திருப்ப, மறுபடி வெடி. பூவரசிலிருந்த காகங்கள் எழும்பிப் போயின.

சுவாமி புத்தகத்தைப் புரட்டினார். ரீச்சர் கொப்பியைப் புரட்டினார். குறிகளை இன்னொரு தரம் பார்த்தார்கள், எல்லாம் சரி. தூரின் மெக்கானிக்கின் படத்திலும் வேறொன்றும் இல்லை. இருவரும் புத்தகத்தின்மேல் குனிந்திருக்க, சில்வெஸ்ரர் கையைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றார். இரண்டு மாதமாக அவர் புத்தகம் சொல்லச் சொல்லச் செய்தே பழகியிருந்தார். புத்தகம் பேசாமல் இருந்தபோது தானும் பேசாமல் இருந்தார்.

இராசாத்திதான் கேட்டாள். "வேறை எஞ்சின் இப்பிடி வெடிச்சால் என்ன செய்வியள்?"

"வேறை எஞ்சின் எண்டால் நெருப்புப் பிழையான நேரத்திலை விழுது எண்டு..." சொல்லிக்கொண்டு வந்தவர் வாயை மூடினார். பிறகு மெல்லக் குனிந்து பார்த்தார். பக்கத்தில் இன்னொரு சின்னச் சில்லு, அதே வாரில் கோத்துக் கிடந்தது. பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடுகிற டிஸ்ரிபியூற்றரைச் சுற்றுவது அந்தச் சில்லுத்தான். வாரைக் கோக்கும்போது அவரே அதை வசதிக்காக அங்குமிங்கும் திருப்பியிருந்தார். அதற்குக் குறி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தூரின் மெக்கானிக் அதைப் படத்தில் போடவும் இல்லை. எந்த மெக்கானிக்கும் சொல்லாமலே பார்க்கிற விசயம் அது.

"ரீச்சர், இறங்குங்கோ. இதுக்குப் புத்தகம் தேவையில்லை."

முதலாவது பிளக்கைக் கழற்றினார். அந்த ஓட்டையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு, மற்றக் கையால் எஞ்சினை மெல்லச் சுற்றினார். விரலின் கீழே காற்று நெருங்கி, நெருங்கி, விரலைத் தள்ளியது. அந்த இடத்தில் நிறுத்தினார். டிஸ்ரிபியூற்றரின் மூடியைத் திறந்தார். உள்ளே நெருப்பைப் பங்கிடுகிற முள்ளு முதலாவது பிளக்கைக் காட்டவேண்டும். அது நாலாவதைக் காட்டிக்கொண்டு நின்றது. சில்வெஸ்ரருக்குச் சிரிப்பு வந்தது. முழுப்பகுதியையும் வெளியே இழுத்து, அரைச் சுற்றுத் திருப்பி, திரும்ப இறக்கினார். மூடியையும் பிளக்கையும் பழைய இடத்தில் பூட்டினார். இந்த வேலையை அவர் எத்தனை நூறு எஞ்சினில் செய்திருப்பார் என்று அவருக்கே தெரியாது.

"இப்ப திருப்புங்கோ."

ரீச்சர் திருப்பினார். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. கொஞ்சம் தடுமாறியது, டிஸ்ரிபியூற்றரைச் சில்வெஸ்ரர் ஒரு நெல்மணி அளவு அசைக்க, தடுமாற்றம் நின்றது. வார் சத்தமேயில்லாமல் ஓடியது. செயின் என்றால் இரையும். இது காற்றுப் போகிறமாதிரிப் போனது. அவர் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றார். நல்ல எஞ்சின் என்று தோன்றியது. இதைக் கழற்றி எறியச் சொன்ன வாயை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சுவாமி செபமாலையை எடுத்துக் காரின் கண்ணாடியில் கொழுவப் போனார். பிறகு ரீச்சரைப் பார்த்து, "நீங்கள் சைவம், பிள்ளை" என்று கையை இழுத்தார்.

"கொழுவுங்கோ சுவாமி. பக்கத்திலை வைரவரும் இருப்பார், இடம் கிடக்கு."

அன்று பின்னேரம் வெள்ளோட்டம் விட்டார்கள். ரீச்சர் ஓட்டினார். சுவாமி தன் பூசைக்கு நேரமாகிறதென்று சைக்கிளில் போய்விட்டார். சில்வெஸ்ரர் சத்தம் கேட்கவேண்டும் என்று சொல்லிப் பின்னுக்குத் தன்னை மடித்துச் செருகிக்கொண்டார். முன் இருக்கை இராசாத்திக்கு. அவள் முதலில் மாட்டேன் என்றாள், பிறகு சீலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, கிணற்றுக்குள் இறங்குகிறவள் மாதிரி ஒரு காலை விட்டு மற்றக் காலை விட்டு இறங்கி உட்கார்ந்தாள். இருபத்து மூன்று வருடமாக வாகனங்களோடு வாழ்கிறவரைக் கட்டியவள், பஸ்ஸையும் வள்ளத்தையும் தவிர ஒன்றிலும் போனதில்லை.

வேலணை தாண்டியது. அல்லைப்பிட்டிப் பனைகள் தாண்டின. வெட்டவெளி வந்ததும் ரீச்சர் காலை அழுத்தினார். எஞ்சின் குரலை மாற்றிப் பாடத் தொடங்கியது. பின்னுக்குச் சில்வெஸ்ரர் கண்ணை மூடிக்கொண்டார். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் வண்டிலை ஓரங்கட்டிவிட்டு எழும்பி நின்று பார்த்தார். இராசாத்தியின் கொண்டை அவிழ்ந்து, மயிர் சோளகத்தில் பறந்தது. அவள் அதைக் கட்டப் போகவில்லை. இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பண்ணைக்கடல் தெரிகிற இடத்தில் ரீச்சர் காரை நிறுத்தித் திருப்பினார். கடலில் மீன் மறிக்கிற களங்கட்டிக் கம்புகள் வெயிலில் கறுப்பாக நின்றன. இரண்டு பேர் முழங்கால் தண்ணீரில் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"சத்தம் எப்பிடி அண்ணை?"

"திறம், ரீச்சர். பிழை சொல்ல ஒண்டும் இல்லை."

"அப்ப வீட்டை போவமோ?"

சில்வெஸ்ரர் ஓம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முன்னுக்கிருந்து இராசாத்தி திரும்பாமலே கேட்டாள்.

"ரீச்சர், புங்குடுதீவுப் பக்கமும் ஒருக்காப் போட்டு வருவமோ? அங்கை பாலம் இருக்காம், இரண்டு பக்கமும் கடலாம். நான் கண்டதில்லை."

ரீச்சர் சில்வெஸ்ரரைக் கண்ணாடியில் பார்த்தார். சில்வெஸ்ரர் பெற்றோல் முள்ளை எட்டிப் பார்த்தார். பாதிக்கு மேலே நின்றது.

"போவம்" என்றார்.